ராஜத்துக்கு வேலை கிடைத்த மூன்று அத்தியாயங்கள்

பிழைக்க வந்த தமிழர்களைப் பற்றி நாவல் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் உண்டு. கல்கத்தாவை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வர முடியாதென்றால் இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு கார்டு போட்டாவது கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் உங்கள் கதாநாயகியைப் பம்பாய்க்கு அனுப்பிவிடுங்கள். அங்கே இருக்கிற நூலகர் என்ன பாடுபட வேண்டுமோ படட்டும்.

நான் பட்டது போதும். லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாடியறை ஒன்றில் எங்கள் தமிழ் மன்றத்தின் நூலகம் இருக்கிறது. பகலில் டல்ஹௌஸியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், புதன்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் நூலகம் என்று இருபத்திரண்டு வருஷமாக என் ஆயுள் இதில் போகிறது. சம்பளம் கிடையாது, வசவு உண்டு. சுவரில் மூன்று அறிவிப்புப் பலகைகள் எழுதி மாட்டியிருக்கிறேன். பக்கத்தை மடிக்காதீர்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். புத்தகத்தில் எதையும் எழுதாதீர்கள். மூன்றையும் படித்துவிட்டு மூன்றையும் செய்கிற அங்கத்தினர்கள் எங்களுக்கு இருநூறு பேர்.

மூன்றாவது அலமாரி முழுவதும் ஊரை விட்டுப் போனவர்களின் கதைதான். பர்மாவுக்குப் போனவர்கள், மலாயாவுக்குப் போனவர்கள், இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்கள், டில்லிக்குப் போனவர்கள். ஊர்தான் மாறும், கதை மாறாது. முதல் அத்தியாயத்தில் அம்மா புளியஞ்சாதப் பொட்டலத்தோடு ஸ்டேஷனில் நிற்பாள். போன இடத்தில் தண்ணீர் சரியாக இருக்காது, காப்பி வாயில் வைக்க விளங்காது, கதாநாயகி ஜன்னலோரம் நின்று அழுவாள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ரயிலேறி ஊருக்குத் திரும்பி ஆற்றில் காலை நனைப்பார்கள். அப்படித் திரும்பாவிட்டால் செத்துப்போவார்கள். போன இடத்திலேயே இருந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ரேஷன் கார்டில் பெயர் திருத்தி, மழையில் தெருவில் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டு வாழ்கிற ஜென்மம் ஒன்றைக்கூட அந்த அலமாரியில் நான் கண்டதில்லை.

இந்த விஷயத்தில் என்னைவிட அதிகமாக எரிச்சல்பட்டவள் கோமதி மாமி ஒருத்திதான்.

கோமதி மாமி 1928-ல் இதே கல்கத்தாவில் பவானிபூரில் பிறந்தவள். அவள் தாத்தா இந்த நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே ஷார்ட்ஹேண்ட் நோட்டும் கையுமாக இங்கே வந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சேர்ந்தவர். மாமி வங்காளிப் பெண்களோடு படித்து மெட்ரிக் தேறினாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. வீட்டுக்கு வந்த பத்திரிகைகளின் தொடர்கதைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தமிழ் கற்றுக்கொண்டாள். பதினேழு வயதில் அனந்தகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் மாயவரம் பக்கத்திலிருந்து வந்து பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆபீசரானவர். நல்ல மனிதர்தான். ஆனால் எது பேசினாலும் ஸர்க்குலர் வாசிப்பதுபோல் பேசுவார், பதிலை எதிர்பார்க்க மாட்டார்.

அப்படித்தான் ஒரு நாள், 'ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போறோம்' என்று சொல்லிவிட்டார். மெட்ராஸில் நங்கநல்லூரில் ஒரு மனை வாங்கி, வீடும் எழும்பிவிட்டது. அவர் ரிட்டையராவது 1975 மார்ச் மாதம். மன்றத்தில் பார்க்கிறவர்களெல்லாம் மாமியிடம் சந்தோஷம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"கடைசியில நம்ம ஊரோட போய்ச் சேரப் போறேள், கொடுத்து வெச்சவ!" என்று ஒரு அம்மாள் என் மேஜைக்கு முன்னாலேயே சொன்னாள். அவள் போன பிறகு மாமி கையிலிருந்த புத்தகத்தை டமாலென்று மேஜையில் வைத்தாள்.

"நங்கநல்லூர் எனக்கு எப்படி சார் ஊராச்சு? நான் அதைப் பார்த்தது கூட இல்லை. நான் பொறந்தது இங்கே, படிச்சது இங்கே, ரெண்டு பிரசவமும் இங்கே. இவர் பொறந்த இடம் எனக்கும் ஊராம். அதுவாவது மாயவரம்னா ஒரு நியாயம் உண்டு!"

"அவர்கிட்ட சொன்னேளா?"

"அவர் கேட்டாத்தானே சொல்ல?"

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சனியன் பிடித்த தொடர்கதை வந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் 1974 ஜனவரியில் ஆரம்பித்தார்கள். 'ஹூக்ளிக் கரையில் ராஜம்' என்று பெயர். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வரும் தஞ்சாவூர்ப் பெண்ணின் கதை. எழுதியவர் மெட்ராஸ்காரர். ராஜத்தின் வீடு காளிகாட்டில், ஜன்னலைத் திறந்தால் ஹவுரா பாலம் தெரிகிறது! எந்தக் காளிகாட்டில், எந்த ஜன்னல்? மார்கழி மாதம் துர்கா பூஜை நடக்கிறது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் பேசுவதெல்லாம் அரைகுறை ஹிந்தி. மெட்ராஸ் மெயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் நாங்கள் அடித்துப் பிடித்து வாங்குவோம், படித்துத் தலையில் அடித்துக்கொள்வோம், அடுத்த வாரமும் வாங்குவோம். நம்மைப் பற்றி எழுதுகிறான் என்றால் தப்பாக எழுதினாலும் படிக்காமல் இருக்க முடிகிறதா?

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்கதை முடிந்ததும் வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து ஒரே புத்தகமாக பைண்டு செய்து அலமாரியில் வைப்போம். எங்கள் பைண்டர் பைட்டக்கானா பஜாரில் இருக்கும் வங்காளிக் கிழவர். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் பாட்டுக்கு விட்டால் கல்யாணத்துக்கு முன்னால் சீமந்தம் நடந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நான் வங்காளி எண் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்காகவே நான் வங்காளி எண் கற்றுக்கொண்டவன்.

அந்த வருஷம் மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. ரயில் ஓடவில்லை, பத்திரிகைக் கட்டும் வரவில்லை. மூன்று வாரத்து இதழ்கள் வழியில் எங்கேயோ மழையில் ஊறி நாசமாகிவிட்டன. நவம்பரில் பக்கங்களை அடுக்கியபோது பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று மூன்று அத்தியாயங்கள் இல்லை. பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன். 'பழைய பிரதிகள் இருப்பில் இல்லை' என்று ஒரு கார்டு வந்தது. நடுவில் ஓட்டையோடு ஒரு நாவலை அலமாரியில் வைப்பதா என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது மாமி எதிரில் நின்றாள்.

"நான் எழுதித் தரட்டுமா?"

"ராஜத்துக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமி?"

"அந்த மனுஷனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் இங்கே வந்ததே இல்லையே."

சரி, எழுதுங்கள் என்றேன். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாக வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பத்து நாளில் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். பாங்கின் பழைய பாரங்களின் பின்பக்கத்தில், பென்சிலில், ஓரம்கூட விடாமல் எழுதியிருந்தாள். அதை அப்படியே பைண்டரிடம் கொடுத்தால் வெட்டுகிற வெட்டில் வரிக்கு இரண்டு வார்த்தை போய்விடும். தலைவிதியே என்று எட்டு ராத்திரி உட்கார்ந்து நான் என் கையெழுத்தில் மை தொட்டு நகல் எடுத்தேன். இரண்டாவது ராத்திரியே எரிச்சல் போய்விட்டது. அடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே வேகவேகமாக எழுதினேன்.

மாமியின் ராஜம் ஜன்னலோரம் நிற்கவில்லை. காளிகாட்டில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது, சுவரில் ஏதோ கட்சிச் சின்னம் வரைந்திருந்தது. பதினேழாவது அத்தியாயத்தில் அவள் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரனோடு வங்காளியில் சண்டை போட்டு ஜெயித்தாள். பதினெட்டில் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, அவளைத் தன் மச்சினி மாதிரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு விண்ணப்பம் போட வைத்தாள். பத்தொன்பதில் அடை மழை. முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ராஜம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தாள். வேலைக்கான உத்தரவு தபாலில் வந்தது. அதை அவள் கணவனிடம் நீட்டுகிறாள், அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறான். அங்கே அத்தியாயம் முடிந்தது.

மறுபக்கம் திருப்பினால் மெட்ராஸ்காரரின் இருபதாவது அத்தியாயம். முதல் வரியிலேயே ராஜம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு விம்முகிறாள்.

புத்தகத்தை டிசம்பரில் அலமாரியில் வைத்தேன். அவ்வளவுதான், என் பிராணனை வாங்க ஆரம்பித்தார்கள். அச்சுப் பக்கங்களுக்கு நடுவில் கையெழுத்துப் பக்கங்கள் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பத்திரிகை கிடைக்காததால் நான் எங்கோ இரவல் வாங்கி நகல் எடுத்திருக்கிறேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். "அந்த டெலிபோன் வேலை என்ன ஆச்சு சார்?" என்று ஹவுரா ரயில்வே காலனியிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு வந்து கேட்டார். "வேலை கிடைச்சவ எதுக்கு அழறா? எழுத்தாளருக்கு மறதியா?" என்று ஜாதவ்பூரில் படிக்கிற ஒரு பெண் பாதி வங்காளியில் கேட்டாள். நான் எல்லோரிடமும் 'எனக்கென்ன தெரியும்' என்றேன். சத்தியம் செய்து தொலைத்திருந்தேனே.

இதற்கு நடுவில் மன்றத்தின் காரியதரிசி சீதாராமன் மெட்ராஸுக்குப் போனவர், தொலைந்த மூன்று இதழ்களையும் யார் வீட்டுப் பரணிலிருந்தோ தேடிக் கொண்டுவந்துவிட்டார். ஆவலோடு பிரித்துப் பார்த்தேன். மூன்று வாரமும் ராஜத்துக்கு டைபாய்டு! படுத்த படுக்கையாகக் காவேரியைக் கனவு காண்கிறாள். பதினேழில் ஆடிப்பெருக்கு, பதினெட்டில் படித்துறை, பத்தொன்பதில் மறுபடியும் படித்துறை. கையெழுத்துப் பக்கங்களை எடுத்துவிட்டு இதை வைத்து மறுபடி பைண்டு செய்யச் சொன்னார் சீதாராமன். பைண்டருக்கு உடம்பு சரியில்லை என்றேன். பைண்டர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். என் சர்வீஸில் காரியதரிசியிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை அனந்தகிருஷ்ணனே நூலகத்துக்கு வந்தார். அவர் வருகிற வழக்கமில்லை. மாமிதான் இருவருக்கும் சேர்த்துப் புத்தகம் எடுத்துப் போவாள். இவர் வந்தது புத்தகத்துக்காக அல்ல. பழைய புத்தகங்களைப் போட்டு வைத்திருந்த டீப் பெட்டிகள் எங்களிடம் இருந்தன. தேயிலை ஏலத்துக்கு வருமே, ஓரத்தில் தகரம் அடித்த அந்த மரப் பெட்டிகள். கல்கத்தாவை விட்டுப் போகிற குடும்பம் எல்லாம் பாத்திரம் கட்டுவது அதில்தான்.

"நாலு பெட்டி வேணும் ஓய். ஏப்ரல் அஞ்சாம் தேதிக்கு மெயில்ல டிக்கெட் வாங்கியாச்சு" என்றார். அடுத்த வாரம் காலி செய்து தருகிறேன் என்றேன். மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். "இதை நான் பத்திரிகையில விட்டு விட்டுத்தான் படிச்சேன்" என்று தம் பெயரில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்து என்னுடையது என்பதால் அவருக்கு எதுவும் தெரியப் போவதில்லை. மாமிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாளோ என்று எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் போயிற்று.

அடுத்த புதன் பெட்டிகளுக்கு வந்தார். கீழே ரிக்ஷா நின்றது. அவரோ பெட்டியைப் பார்க்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்மேல் பாய்ந்தார்.

"என்ன ஓய் எழுதறான் இவன்? நடுவுல மூணு அத்தியாயம் பிரமாதமா எழுதறான். இந்தப் பொண்ணு பாஷை கத்துக்கறா, மழையில நடந்து போய் ஒரு வேலையைப் பிடிக்கறா. எனக்கே கை தட்டணும்போல இருந்தது. அடுத்த பக்கத்துலேர்ந்து மறுபடியும் மூக்கால அழறா. கடைசியில புருஷன் மூட்டை கட்டு, ஊருக்குப் போலாங்கறான். அவளைக் கேட்டானோ? ஒரு வார்த்தை? அவளுக்குத்தான் எல்லாம் இங்கேன்னு ஆயிடுத்தே, அவளை எதுக்கு இழுத்துண்டு போறான், மடையன்!"

நான் பொறுமைசாலி இல்லை. கயிறு கட்டிய நான்கு பெட்டிகளும் அவர் காலடியில் இருந்தன. அதைப் பார்த்ததும் சத்தியமாவது ஒன்றாவது என்றாகிவிட்டது.

"அந்த மூணு அத்தியாயத்தை மெட்ராஸ்காரர் எழுதலை. உங்காத்து மாமி எழுதினது. நான் நகல் எடுத்தேன்" என்று கத்தியே விட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தொன்பதாவது அத்தியாயத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படித்தார்.

"நாப்பத்தேழுல அவளுக்கு டெலிபோன்ஸ்லேர்ந்து ஒரு ஆர்டர் வந்தது. நான்தான் என்னத்துக்குன்னேன். மேஜை டிராயர்ல போட்டேன். மறந்தே போச்சு." பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஓய்" என்றார்.

"நீங்க கேட்டேளா?"

அவர் புத்தகத்தை இன்னொரு தவணைக்குத் தம் பெயரில் எழுதச் சொன்னார். பெட்டிகளையும் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெட்டிகளை எடுத்துப் போனதைப் பார்த்து எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவும் கேட்டுவிட்டு இந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாரே!

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி வந்து துணிப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

"இவர் எடுத்துண்டு வந்திருக்கார்னே இன்னிக்குக் காலம்பறதான் தெரியும். 'லைப்ரரியில கொடுத்துடு'ன்னு நீட்டறார். படிச்சாரா, என்ன நினைச்சார், ஒண்ணும் சொல்லலை. வெங்கலப் பானை, உருளி எல்லாம் பெட்டியில போட்டாச்சு. ரெண்டு பெட்டி ஆணி அடிச்சாச்சு. இனிமே நான் எங்கே சார் எழுதப் போறேன்." குரலில் அழுகை இல்லை, சலிப்புத்தான் இருந்தது. நான் உளறியதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வருகிற புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ராஜமும் புருஷனும் ஹவுராவில் ரயிலேறுகிற பக்கத்தில், இடது மூலையிலிருந்து வலது மூலைவரை குறுக்கே இரண்டு கோடுகள், ரூல் வைத்து, அழியாத சிவப்பு மையில். செல்லாத செக்கைப் பாங்கில் அடிப்பார்களே, அச்சு அசல் அப்படி. கோடுகளுக்கு நடுவில் 'கேன்சல்டு' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. கீழே முழுக் கையெழுத்து, தேதி.

"புத்தகத்தில் எழுதாதேன்னு பலகை மாட்டியிருக்கேன்! பாங்க் ஆபீசர்! படிச்ச மனுஷர்! சிவப்பு இங்க்!" என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அர்த்தம் விளங்கிவிட்டது.

மாமி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். முதலில் கோடுகளைப் பார்த்தாள், பிறகு கையெழுத்தை, பிறகு தேதியை. தேதி முந்தின நாள் தேதி. சட்டென்று தலைநிமிர்ந்தாள்.

"யார் எழுதினதுன்னு நீங்க சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன்."

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அவள் கோபம் முழுவதும் அவர்மேல் போயிற்று.

"முப்பது வருஷமா ஒரே ஆத்துல இருக்கோம் சார். காலம்பற காப்பி கொடுக்கறச்சே, 'கோமதி, நாம போகலை'ன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லப்படாதோ? லைப்ரரி புஸ்தகத்துலயா எழுதி அனுப்புவா மனுஷா?"

"நீங்களும் லைப்ரரி புஸ்தகத்துலதானே மாமி எழுதி அனுப்பினேள்?" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு தமிழ்ப் பெண் அழுதாள் என்று எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, அழுதாள். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இதை என் பேர்ல எழுதிக்கோங்கோ. வீட்டுக்குப் போய் அவரை உட்கார வெச்சுக் கேட்கணும்" என்றாள். படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள். "ஆணி பிடுங்கற கொறடு இருக்கா சார்?"